ஏற்காடு பஸ்ஸில் நான் பார்த்த குடுமி

ரப்பருக்கு இனி எதிர்காலம் இல்லை, மிளகு வையுங்கள் என்று எங்கள் தோட்ட முதலாளியின் காதில் யாரோ ஓதிவிட்டார்கள். ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள அந்தத் தோட்டத்தில் நான் கிராணி. காலையில் ஆட்களின் பேரைப் பதிவது, பால் எடை எழுதுவது, கடிதம் எழுதுவது எல்லாம் என் தலையில்தான். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து நிழல்மரங்களில் மிளகுக் கொடி ஏற்றி வளர்க்கிறார்களாம், போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார் முதலாளி. தமிழ் பேசத் தெரியும் என்பதைத் தவிர அந்த வேலைக்கு வேறு தகுதி எனக்கு இல்லை. எண்பதுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில் கிளம்பினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு எச்சரிக்கை கொடுத்தார்கள். ஊர்க்காரன் சிரித்துக்கொண்டே உருவிவிடுவான், பையைக் கீழே வைக்காதே, பஸ்ஸில் தூங்காதே. எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் இந்தியா. எச்சரித்தவர்களில் ஒருவர்கூட அந்த ஊரைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ஊர்க்காரர்கள் எங்கள் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் பழைய போட்டோவில் இருப்பவர்கள்தான். கப்பலிலிருந்து இறங்கியவர்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்தது. கம்பளி, குடுமி, காதில் கடுக்கன், முறைத்த பார்வை. இருபது வருஷமாக அதன் கீழே உட்கார்ந்துதான் கணக்கு எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து ஏறும் பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஏழாவது வளைவிலேயே எஞ்சின் புகைவிட்டு நின்றுவிட்டது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. டிரைவர் தகர டின்னை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனார். பெண்கள் இறங்கிக் கொய்யா வாங்கினார்கள். எங்கள் ஊர் பஸ் நின்றால் முதலில் கம்பெனியைத் திட்டுவோம், பிறகு அரசாங்கத்தை. இங்கே எல்லோரும் அது ஏதோ வழக்கமான நிறுத்தம் மாதிரி இறங்கி நின்றார்கள்.

கண்டக்டர் என்னிடம் வந்தார். "ஏனுங்க, மலேசியாவுங்களா? அங்க ஊட்டுக்கு ஊடு காரு நிக்குமாமே?"

என்னிடம் இருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் என்றேன். அவர் நம்பவில்லை. பணக்காரர்கள் அப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது என் காதில் விழுந்தது.

பஸ் மறுபடி நகர்ந்ததும் நான் வேலையைத் தொடங்கினேன். ஜன்னல் வழியே சில்வர் ஓக் மரங்களை எண்ணி, எந்த வளைவில் எத்தனை, அவற்றில் கொடி ஏறியது எத்தனை என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். எதிர் வரிசையில் கறுப்புக் கம்பளி போர்த்திய ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் வெள்ளைத் துணியை இறுக்கமாகக் கட்டியிருந்தார். நான் நிமிரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியூர்க்காரனைக் கண்ட கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். இதை இங்கே எழுதிவைக்கக் காரணம் உண்டு. இரண்டு நாள் கழித்து இதே பார்வையை நான் வேறு பேர் வைத்துச் சொன்னேன்.

நாகலூரில் நான் தங்கியது எஸ்டேட் ரைட்டர் ஆரோக்கியசாமி வீட்டில். எங்கள் கிராணி வேலையைத்தான் இங்கே ரைட்டர் வேலை என்கிறார்கள். அதனால் முதல் பார்வையிலேயே ஒட்டிக்கொண்டோம். மாதாகோயில் மணி கேட்கும் தூரத்தில் ஓட்டு வீடு. அவர் மனைவி ரோசம்மா ராகிக் களியும் கீரைக் குழம்பும் வைத்தார். மலேசியாக்காரர் இதைச் சாப்பிடுவாரோ என்ற பயத்தில் சோறும் கோழியும் தனியாகச் செய்திருந்தார். நான் இரண்டையும் சாப்பிட்டேன். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று யாரும் முதலில் சொல்லவில்லை. மென்று மென்று என் தாடை வலித்த பிறகுதான் ரைட்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

காப்பி விஷயத்தில் எனக்கு ஏமாற்றம். சுற்றிலும் காப்பித் தோட்டம், காற்றிலேயே பழச் சக்கையின் புளித்த வாசம். ஆனால் டம்ளரில் வந்தது பாலும் வெல்லமும்தான், காப்பி பேருக்கு இருந்தது. எங்கள் கடைகளில் தரும் கறுப்புக் காப்பியைப் பற்றி விளக்கினேன். ரோசம்மா முகம் சுளித்து, "காச்சலுக்குங்களா குடிப்பீங்க?" என்று கேட்டார்.

இரண்டாம் நாள் முழுக்க தோட்டத்தில் நடந்தேன். மிளகு பற்றி நான் எழுதியதெல்லாம் முதலாளியிடம் இருக்கிறது, இங்கே வேண்டாம். காலை மஸ்டரில் நின்றபோது ஊர் நினைப்பு வந்தது. குளிர், வரிசை, பேர் கூப்பிடும் குரல், எல்லாம் எங்கள் பெரட்டு மாதிரியே. எனக்கு ஞாபகசக்தியில் கொஞ்சம் கர்வம் உண்டு. எங்கள் தோட்டத்தில் அத்தனை பேரையும் அரையிருட்டில் முகம் பார்த்தே பேர் சொல்வேன். இதை ரைட்டரிடம் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன் என்றே நினைக்கிறேன்.

இங்கே பழம் பறிக்கிறவர்களில் பாதிப் பேர் எஸ்டேட் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக் குடும்பங்கள். மீதிப் பேர் மலைக்காரர்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் சாமையும் ராகியும் விளைவித்து வாழ்கிறவர்கள், பறிப்புக் காலத்தில் மட்டும் எஸ்டேட்டுக்குக் கூலிக்கு வருகிறார்கள். வருஷத்தில் அரிசி வாங்குவது, துணி எடுப்பது எல்லாம் அந்த இரண்டு மூன்று மாத வேலையை நம்பித்தான் என்றார் ரைட்டர். இரண்டு கூட்டமும் தள்ளித் தள்ளி நின்றன.

மூன்றாம் நாள் முதலாளிக்குத் தந்தி கொடுக்க ஏற்காடு டவுனுக்குப் போனேன். திரும்பும்போதுதான் அது நடந்தது.

அங்கே பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியே துண்டையோ கூடையையோ உள்ளே போட்டுவிட வேண்டும். பொருள் விழுந்த சீட்டு போட்டவருடையது, அதில் யாரும் தகராறு செய்வதில்லை. ஒருவர் ஒற்றைச் செருப்பைப் போட்டுவிட்டு மற்றொரு செருப்போடு நிதானமாக ஏறியதை நான் பார்த்தேன். இந்த வித்தையை மூன்று நாளில் கற்றுக்கொண்டதில் எனக்குப் பெருமை. என்னிடம் துண்டு இல்லை. தோல்பையைப் போட்டேன். பாஸ்போர்ட், கேமரா எல்லாம் அதில்தான் இருந்தன. அத்தனை எச்சரிக்கையையும் சுமந்துகொண்டு வந்தவன் பையை நானே தூக்கி எறிந்தேன்.

இடித்துப் பிடித்து உள்ளே போனால் என் சீட்டில் ஒரு அம்மாள் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"பையா? நான் வந்தப்ப வெறுஞ்சீட்டுங்க."

திரும்பிப் பார்த்தேன். பின்படியில் கறுப்புக் கம்பளி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கக்கத்துப் பக்கம் ஏதோ புடைத்திருந்தது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்குவதற்குள் பஸ் நிலையத்தில் கறுப்புக் கம்பளி ஏழெட்டு நின்றது. தை மாதக் குளிரில் வேறு எதைப் போர்த்துவார்கள்?

நான் பார்த்தது ஒரு முதுகு. ஒரு விநாடிகூட இருக்காது. இன்றைக்கு இதைத் தெளிவாக எழுத முடிகிறது. அன்று மாலைக்குள் அது வெறும் முதுகாக இருக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் ரைட்டர் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விசாரித்தார்.

"ஆளு எப்படிங்க இருந்தான்?"

"கறுப்புக் கம்பளி."

"அப்ப மலைக்காரந்தானுங்க. குடுமி இருந்துச்சுங்களா?"

யோசித்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன். "இருந்தது."

"காதுல கடுக்கனு?"

"இருந்தது." இந்தத் தடவை யோசிக்கவில்லை.

"நாப்பது வயசு இருக்குமுங்களா?"

"நாற்பது, நாற்பத்தைந்து. திருட்டு முழி."

முதுகுக்கு எப்படி முழி இருக்கும் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் நம்புங்கள். அவர் கேட்கக் கேட்க அந்த ஆள் என்னை நோக்கித் திரும்பினான். குடுமி தெரிந்தது, கடுக்கன் மின்னியது. மானேஜருக்குக் கொடுக்க எழுதிக் கொடுங்கள் என்றார். என் கையெழுத்து அழகாக இருக்கும். அரைப்பக்கம் எழுதி, 'என் கண்ணால் கண்டது' என்று முடித்துக் கையொப்பமிட்டேன்.

அன்று சாப்பிடும்போது ரோசம்மா என்னைத் தேற்றுவதற்காக எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டார். நான் ஈப்போவின் பெரிய கடைகளைப் பற்றிச் சொன்னேன். எந்தக் கடைக்குள் போனாலும் ஒரு பெண் என் பின்னாலேயே வருவாள். உதவி செய்ய அல்ல. தமிழன் எதையாவது எடுத்துவிடுவான் என்று. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டு போனாலும் வருவாள். எனக்கு அப்போதெல்லாம் காது சூடாகிவிடும். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிடுவேன்.

"அநியாயமுங்க! மூஞ்சியப் பாத்தே முடிவு கட்டுறதா?" என்றார் ரோசம்மா. அதே மூச்சில் கணவரிடம், "அதுக்குத்தான் நான் மலைக்காரங்கள ஊட்டுக்குள்ளயே உடறதில்ல" என்றார். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை மஸ்டரில் மானேஜரும் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், கம்பளி ஸ்வெட்டர் போட்டவர். அவர் என்னிடம் இங்கிலீஷில் மட்டுமே பேசினார். நாங்கள் இருவரும் ஒரு திரைக்குப் பின்னால் நின்று மற்றவர்களைப் பார்க்கிறோம் என்ற பாவனை அதில் இருந்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. "நிதானமாகப் பாருங்கள், அவசரமில்லை. இவர்கள் ஒளிந்துகொள்ளத் தெரியாதவர்கள்" என்றார்.

வரிசையைப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது ஆளைத் தாண்டி ஒரு முகம். சட்டென்று தெரிந்தது. எங்கள் பெரட்டில் பேர் சொல்வேனே, அதே உறுதி. கறுப்புக் கம்பளி, கடுக்கன், வெள்ளைத் தலைக்கட்டு. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான்.

"இவன்தான்" என்றேன்.

அவன் பேர் செல்லன். கிளியூர்ப் பக்கத்து ஆள். மனைவியும் தங்கையும் அதே கூட்டத்தில் பழம் பறிக்கிறார்கள்.

"நான் நேத்து டவுனுக்கே போவலீங்க. கொல்லையில சாம அடிச்சிட்டு இருந்தனுங்க" என்றான் செல்லன்.

ரைட்டர் என் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். "இவரு குடுமியப் பாத்துருக்காரு. தலைக்கட்ட அவுரு, பாக்கலாம்."

செல்லன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "மாமன் வரட்டுமுங்க."

"எதுக்கு மாமன்? துணிய அவுக்கறதுக்கு மாமனா?"

"மாமன் வரட்டுமுங்க. வெள்ளக்கடை ஊருல இருக்கறாருங்க. சொல்லி உட்டா வந்துருவாருங்க."

அவன் மனைவி முன்னால் வந்தாள். "அவருக்குக் குடுமியே இல்லீங்க. மொட்டைங்க. மாமனாரு செத்து மொட்ட போட்டாருங்க."

"உங்காளுக்கு நீ சாச்சி சொல்லாம வேற யாரு சொல்லுவா? தள்ளி நில்லு" என்றார் ரைட்டர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். குடுமியை நான்தான் பார்த்திருக்கிறேனே. மாமன் வரட்டும் என்றதற்கும் எனக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மாட்டிக்கொண்டவன் மாமனைக் கூப்பிடுவது பேசி முடிக்க, மிரட்ட, விவகாரத்தை இழுக்க. மானேஜர் என்னிடம் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இதுதான்: "அப்பாவி என்றால் துணியை அவிழ்த்துக் காட்ட என்ன தயக்கம்? நாளை மஸ்டர் வரை பார்ப்போம். பை வராவிட்டால் இவனைப் போலீஸில் ஒப்படைக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் ஒருவரையும் இனி எந்தப் பறிப்புக்கும் எடுக்கப்போவதில்லை."

ரைட்டர் இதைத் தமிழில் சொன்னார். மலைக்காரப் பெண்கள் கூடையைக் கீழே வைத்தார்கள். ஒருத்தியும் அழவில்லை, சண்டை போடவில்லை. செல்லனின் தங்கை மட்டும் என்னைப் பார்த்தாள். நான் என் நோட்டைப் பார்த்தேன்.

பிற்பகல் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சந்தேகத்தால் அல்ல, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் இல்லாமல் எப்படி ஊர் திரும்புவது என்ற கவலைதான். இரண்டு தடவை கண்ணை மூடி அந்தப் பின்படியைப் பார்த்தேன். இரண்டு தடவையும் செல்லன் இறங்கினான்.

ஐந்தாம் நாள் மஸ்டருக்கு முன்னாலேயே மாமன் வந்து காத்திருந்தார். வெள்ளக்கடையிலிருந்து குறுக்குப் பாதையில் இருட்டோடு நடந்து வந்திருந்தார். பெரிய மீசையோடு நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று நான் எதிர்பார்த்தேன். வந்தவர் ஒல்லியாக, ஒரு தோளில் துண்டோடு, மூச்சு வாங்க நின்றிருந்தார். பேச்சு வளர்க்கவில்லை.

"என்னங்க பண்ணோணும்?"

"தலைக்கட்ட அவுக்கச் சொல்லுங்க" என்றார் ரைட்டர்.

மாமன் செல்லனின் தலைக்கட்டைப் பார்த்தார். பிறகு மானேஜரிடம் சொன்னார். "இவன் அப்பன் செத்து, கருமாதியில நான் கட்டுன உருமாலுங்க இது. தாய்மாமன் கட்டுனா தாய்மாமந்தான் அவுக்கோணும். அவனே அவுத்தாலும் ஆவாது, அடுத்தவங்க தொட்டாலும் ஆவாது. அமாவாச வரைக்கும் படுத்தாலும் எந்திரிச்சாலும் தலையில இருக்கோணுங்க. இன்னும் ரெண்டு நாளு இருக்குது. நீங்க சொல்றீங்க, அவுக்கறேன்."

செல்லனைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்தார். தன் செருப்பைக் கழற்றினார். முணுமுணுவென்று ஏதோ சொல்லிக்கொண்டே துணியைச் சுற்றுச் சுற்றாக எடுத்தார். மலைக்காரர்கள் எல்லோரும் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டார்கள். நாங்கள் மூவர்தான் பார்த்தோம்.

மொட்டை. பத்துப் பதினைந்து நாள் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் அந்தத் தலையில் குடுமி இருந்திருக்க வழியே இல்லை.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

மானேஜர் என் கடிதத்தை வாங்கி மறுபடி படித்தார். ரைட்டர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், "குடுமி ஒண்ணுதானுங்க தப்பாப் போச்சு. கூட்டத்துல அப்படித்தான் தெரியும். மூஞ்சி இவந்தானே? மூஞ்சி இவந்தான்னு சொல்லீருங்க, போதும்."

அவர் கெட்டவர் அல்ல. ஒரு விருந்தாளியைத் தலைகுனியாமல் காப்பாற்ற வழி காட்டினார். அந்த வழி திறந்துதான் இருந்தது. முகம் இவன்தான் என்று எனக்கு அப்போதும் தோன்றியது. எங்கேயோ பார்த்த முகம், சந்தேகமே இல்லை. அப்போதுதான் எங்கே என்று ஞாபகம் வந்தது. ஏழாவது வளைவு. எதிர் வரிசை. அந்த முகத்தை அங்கிருந்து எடுத்து, குடுமியை எங்கள் ஆபீஸ் சுவரிலிருந்து எடுத்து, இரண்டையும் ஒரு முதுகில் ஒட்டியிருக்கிறேன்.

மானேஜரிடம் தமிழில் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னால் அது எங்கள் இருவருக்குள் முடிந்துவிடும். "நான் முகத்தைப் பார்க்கவே இல்லைங்க. முதுகைத்தான் பார்த்தேன். குடுமியும் பார்க்கல, கடுக்கனும் பார்க்கல. எழுதினதெல்லாம் தப்பு."

"கண்ணால் கண்டது என்று எழுதியிருக்கிறீர்களே" என்றார் மானேஜர், இங்கிலீஷில்தான்.

"அப்படித்தான் நினைச்சேன்" என்றேன்.

அவர் கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டு மஸ்டரைத் தொடங்கச் சொன்னார். மன்னிப்பு, வருத்தம் என்ற பேச்சே எடுக்கவில்லை. செல்லனின் பேரை ரைட்டர் வழக்கம்போலக் கூப்பிட்டார். செல்லன் இன்னும் கிழக்கே பார்த்தே உட்கார்ந்திருந்தான். மாமன் அவிழ்த்த துணியை மறுபடி கட்டக் கூடாதாம். தன் தோளிலிருந்த துண்டை உதறி, அதையே செல்லன் தலையில் உருமாலாகக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை நழுவியது.

அன்று மாலை பழம் அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் செல்லன் தனியாக நின்றிருந்தார். அவன் இவன் என்று நான் எழுதிவந்ததை இங்கேயாவது நிறுத்திக்கொள்கிறேன். தப்பு செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சங்கடப்பட்டார்.

"நானும் உங்களத் தப்பாத்தானுங்க நெனச்சேன். அன்னிக்குச் சேலம் ஆஸ்பத்திரியில அப்பன் செத்ததுக்குச் சீட்டு வாங்கியாந்தனுங்க. பஸ்ல நீங்க தொப்பி போட்டுட்டு, மரத்த எண்ணி எண்ணி எழுதுனீங்க. சர்வே ஆளுன்னு நெனச்சுட்டேன். அப்படி எழுதுனவங்க வந்துட்டுப் போனா எங்க கொல்லையில கல்லு நட்டுருவாங்க. அதான் உங்க மூஞ்சியப் பாக்கவே பயமாயிருந்துச்சுங்க."

"மஸ்டரிலும் அதனால்தான் திரும்பினீர்களா?"

"ஆமாங்க. கீழ இருந்து பேண்ட்டு போட்டு வர்றவங்க அத்தன பேரும் எங்களுக்கு ஒரே மாதிரிதானுங்க இருக்கறீங்க."

அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். கணக்குத் தீர்ந்துவிட்டது மாதிரி எனக்குத் தோன்றியது. அவர் நினைத்ததால் என் வேலைக்கு ஆபத்து வரவில்லை, என் தலைத்துணி அவிழவில்லை என்பது அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

ஏழாம் நாள் பை கிடைத்தது. ஏரிக்கரை வேலியோரம் ஆடு மேய்த்தவர் ஒருவர் பார்த்து எடுத்து வந்திருக்கிறார். பாஸ்போர்ட் ஈரமாக உள்ளே இருந்தது. கேமரா இல்லை. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ரோசம்மாவுக்கு அதில் திருப்தி இல்லை. "செல்லன் இல்லீனா வேற எவனோ மலைக்காரன்" என்றார். கம்பளி யார் வேண்டுமானாலும் போர்த்தலாமே என்றேன். "அதென்னமோ வாஸ்தவந்தானுங்க" என்றார், நம்பாமல். ஆனால் தோல்பை நைந்துவிட்டது என்று தன் கையால் தைத்த துணிப்பை ஒன்றைக் கொடுத்து, வழிக்கு வறுத்த வேர்க்கடலையும் கட்டிக் கொடுத்தார். அவர் அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது.

எட்டாம் நாள் காலை நாகலூரிலிருந்து பஸ் ஏறினேன். ஜன்னலில் எதையும் போடவில்லை. இடம் தானாகவே கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் செல்லன் ஏறினார். தலையில் மாமனின் துண்டு. நேற்று வந்த அமாவாசை போய்விட்டது, ஆனால் புதிதாகக் கட்டியதற்கு நாள் புதிதாக எண்ண வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் பஸ்ஸில் இருந்தார்கள். மஸ்டரில் நடந்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியும். செல்லன் நடந்து வந்தபோது ஒருத்தி காலடியிலிருந்த கூடையை மடிக்கு இழுத்தாள். இன்னொருத்தி முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. பேசிக்கொண்டேதான் செய்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நகர்ந்து, "இங்கே உட்காருங்க" என்று பக்கத்தில் இடம் கொடுத்தேன். அவர் தயங்கி உட்கார்ந்தார். அமாவாசை, சாமை, குளிர் என்று இரண்டு வார்த்தை பேசினோம். அப்புறம்தான் கவனித்தேன். என் வலது கை துணிப்பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

அவரும் அதைப் பார்த்திருந்தார். "புடிச்சுக்குங்க. வளைவுல உருண்டுருமுங்க" என்றார்.

எனக்கு அங்கேயே இறங்கிவிடலாம் போல இருந்தது. "எனக்குக் கை வலிக்குது. கொஞ்சம் நீங்க வச்சுக்கிறீங்களா?" என்று பையை அவர் மடியில் வைத்தேன். பரிகாரம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டவுன் போய்ச் சேரும்வரை செல்லன் அந்தப் பையின்மேல் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்திருந்தார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. பஸ் குலுங்கியபோதும் முன்கம்பியைப் பிடிக்கவில்லை. ஒரு தடவை நெற்றியில் இடித்துக்கொண்டார். அப்போதும் கையை எடுக்கவில்லை.

பஸ் நிலையத்தில் எழுந்து நின்று பையை என்னிடம் நீட்டினார்.

"தொறந்து பாத்துக்குங்க."

"அதெல்லாம் வேண்டாங்க."

"இல்லீங்க. பாத்துக்குங்க."

பின்னால் இறங்குகிறவர்கள் நின்றார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். செல்லன் வழியை விட்டு நகரவில்லை. லயத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

பையைத் திறந்து, ஒவ்வொன்றாக, எல்லோரும் பார்க்கும்படி பார்த்தேன்.

"எல்லாம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றேன்.

அதற்கப்புறம்தான் அவர் இறங்கினார்.